மீசையில் ஒட்டிய கஞ்சி

உக்காரு தாயி. இப்ப மேல விட மாட்டான். டாக்டர்மாரு ரவுண்ட்ஸ் முடியணும், பதினோரு மணியாகும். அதுக்குப் பெறகும் அந்த கேட்டுக்காரன் மனசு வைக்கணும். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமில்ல. இருவத்திநாலு நாளா இந்த பெஞ்சத் தேச்சுக்கிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாததா. இந்தப் பக்கம் தள்ளி உக்காரு, அங்கன ஃபேன் காத்து வராது.

யாருக்குப் பாக்குற? அப்பாவுக்கா. குடலிறக்கமா. இன்னைக்கா ஆபரேசன்? ஆமா, இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்ல. செவ்வாயும் வெள்ளியும்தான் இங்க கத்தி எடுக்கிறது. மத்த நாள்ல மயக்க டாக்டர் கிடையாது. மதுரையிலருந்து வரணும் அவரு. வர்ற வழியில இன்னும் ரெண்டு ஆஸ்பத்திரியப் பாத்துட்டுத்தான் இங்க வருவாரு.

மடியில என்ன, பிளாஸ்க்கா? பாலா? சரி சரி, ஒளிக்காத. நான் என்ன ஆஸ்பத்திரி ஆளா, பிடிச்சுக் குடுக்க. நேத்து ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி கூடாதுன்னுட்டாங்க, அப்பா காலையில பசிக்குதும்மான்னு சொல்லியிருப்பாரு, நீ கண்ணத் தொடச்சுக்கிட்டு ஓடியாந்து காச்சிக் கொண்டு வந்திருக்க. இதுக்கு நான் சோசியம் பாக்கணுமாக்கும். எம் மடியிலயும் இதே மாதிரி ஒரு தூக்குச்சட்டி இருந்துச்சு. கேட்டு தொறக்க இன்னும் முக்கா மணி இருக்கு. எங்கதையக் கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு, இந்த ஆஸ்பத்திரிய என்ன செஞ்சா தகும்னு.

எம் பேரு சண்முகக்கனி. ஊரு இங்கருந்து பதினெட்டு கிலோமீட்டர். பள்ளிக்கூடத்துச் சத்துணவுல சமையல் வேலை, இருவத்திநாலு வருசமா. நான் அடுப்படியில நிக்கையில ஒரு பிள்ள பசிச்ச வயித்தோட வகுப்புக்குத் திரும்பிப் போனதில்ல. சில பிள்ளைக வேணாம் வேணாம்னு வாய இறுக்கி மூடிக்கும். நான் விடுவேனா? மூக்கப் பிடிச்சா வாயி தானாத் தொறக்கும். ஊட்டி விட்டுத்தான் அனுப்புவேன். அந்தப் பிள்ளைக வளந்து இன்னைக்குப் போலீசா இருக்கு, நர்ஸா இருக்கு. எல்லாம் இந்தக் கை போட்ட சோறு.

எங்க வீட்டுக்காரரு பஞ்சாயத்துல தண்ணி தொறந்து விடுற வேலை. மேல்நிலைத் தொட்டி இருக்குல்ல, அதுல ஏறி எறங்கணும். இருவத்தேழு படி ஏணி. காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க. அதோட தெருத்தெருவா நடந்து வால்வு திருப்பணும். காலு இருந்தாத்தான் அந்தப் பொழப்பு. அவுகளுக்குச் சக்கர வியாதி, பதினோரு வருசமா. பாதத்துல உணர்ச்சி கம்மி. கருவேல முள்ளு செருப்பத் தொளச்சு ஏறியிருக்கு, மனுசனுக்குத் தெரியவே இல்ல. நடு வீட்டுல ரத்தத் தடத்தப் பாத்து நான்தான் கத்துனேன். சும்மா சொல்லக் கூடாது, பத்து நாளு மஞ்சப்பத்து போட்டு நான் நல்லாத்தான் பாத்தேன். அதுக்கு மேல விரல் கறுத்துப் போச்சு. பெறகுதான் இங்க கூட்டியாந்தேன். ஒரு புதன்கிழம.

டாக்டரு பாத்தாரு. தங்கமான மனுசன் அவரு, அவரச் சொல்லக் கூடாது. "ரெண்டு விரல எடுக்கணும்மா, வெள்ளிக்கிழம எடுத்துருவோம், பத்து நாள்ல வீட்டுக்கு நடந்தே போவாரு"ன்னாரு. நடந்தேன்னு சொன்னாரு. இந்தக் காதால கேட்டேன். ரெண்டு விரல்தானன்னு எங்க வீட்டுக்காரரு கூட சிரிச்சாக. "ஏணிக்கு எட்டு விரல் போதும் கனி"ன்னாக.

அந்த மொத வெள்ளிக்கிழமதான் தாயி எல்லாத்துக்கும் காரணம். அத நல்லா மனசுல வச்சுக்க.

வியாழக்கிழம ராத்திரி பத்து மணிக்கு ஒரு நர்ஸ் வந்துச்சு, இனிமே எதுவும் குடுக்கக் கூடாதுன்னுச்சு. கட்டில்ல ஒரு அட்டையத் தொங்க விட்டுச்சு. இங்கிலீஷ் எழுத்து. நான் அவுக பேரத்தான் எழுதியிருக்காங்கன்னு நெனச்சேன், வாயில எதுவும் குடுக்கக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சாம். சரின்னு குடுக்கல. விடிஞ்சிருச்சு. ஏழாச்சு, எட்டாச்சு. பக்கத்துக் கட்டில்காரங்கள ஒவ்வொருத்தரா சக்கர நாற்காலியில கூட்டிப் போறாங்க, எங்களக் கூப்பிடல. பத்து மணிக்குப் போயிக் கேட்டேன், "கூப்பிடுவாங்க"ன்னுச்சு ஒரு பிள்ள. பன்னெண்டு மணிக்குக் கேட்டேன், "லிஸ்ட்ல இருக்கு, கூப்பிடுவாங்க"ன்னுச்சு இன்னொரு பிள்ள. ஒரு மணிக்கு ஷிஃப்ட் மாறிருச்சு. புதுசா வந்த பிள்ளைக்கு நாங்க யாருன்னே தெரியல. "எந்த பெட்? என்ன ஆபரேசன்?"னு என்கிட்டயே கேக்குது.

ரெண்டு மணி இருக்கும். அவுகளுக்கு வேர்த்துக் கொட்டுது. சட்ட நனைஞ்சு போச்சு. கை நடுங்குது. "கனி, கண்ணு இருட்டுது"ன்னு எங்கையப் பிடிச்சாக. பிடியில பலமே இல்ல. முப்பத்தாறு வருசத்துல அப்படியொரு பிடிய நான் பாத்ததில்ல. ஓடுனேன். கத்துனேன். ஒரு பிள்ள வந்து விரல்ல குத்திப் பாத்துச்சு, சக்கர ரொம்பக் கொறஞ்சு போச்சுன்னுச்சு. குளுக்கோஸ் ஏத்துனாங்க. சக்கர வியாதிக்காரரப் பதினாறு மணி நேரம் பட்டினி போட்டா கொறையாம என்ன செய்யும்? அந்தக் குளுக்கோஸ காலையிலயே ஏத்தியிருந்தா என்னவாம்?

நாலு மணிக்கு வந்து சொல்றாங்க. மயக்க டாக்டர் மூணு மணிக்கே கெளம்பிட்டாராம். இன்னைக்கு இல்லியாம். செவ்வாக்கிழம பாக்கலாமாம். எதுக்கு இல்ல, ஏன் இல்லன்னு கேட்டா அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க.

அன்னைக்கு முடிவு பண்ணேன். இவனுகள நம்பி இனி என் புருசன ஒரு வேளை பட்டினி போட மாட்டேன்.

இதுல எதாவது தப்பிருக்கா? நீயே சொல்லு. நீயும் அதத்தான மடியில வச்சிருக்க.

செவ்வாக்கிழம வந்துச்சு. முந்தின ராத்திரி அதே மாதிரி நர்ஸ் வந்து சொல்லிட்டுப் போச்சு. இந்தத் தடவை ஜெபசெல்வின்னு ஒரு பிள்ள. ஜெபா சிஸ்டர்னு கூப்பிடுவாங்க. மெலிஞ்ச பிள்ள, வாயி ஓயாது. வயித்துல எதாச்சும் இருந்தா மேல வந்துரும், நெஞ்சுக்குள்ள போயிரும், அப்படி இப்படின்னு ஏதோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நான் தலையாட்டிக்கிட்டு இருந்தேன். அதுக்கு என்ன, இருவத்திமூணு வயசு. சமைக்கத் தெரியுமான்னு கேட்டேன், தெரியாதுன்னுருச்சு.

என் தங்கச்சி வீடு இங்க ரெண்டு தெரு தள்ளித்தான். அஞ்சு மணிக்கு அங்க போயி கேப்பைக் கஞ்சி காச்சுனேன். கெட்டியா இல்ல, தண்ணியாத்தான். ஆறு மணிக்கெல்லாம் கொண்டாந்து ஒரு டம்ளர் குடுத்தேன். அவுக, "அந்தப் பிள்ள வேணாம்னுச்சேடி"ன்னாக. "எப்படியும் நாலு மணிக்கு வந்து இல்லன்னுதான் சொல்லப் போறாங்க, குடிங்க"ன்னேன். குடிச்சாக.

அன்னைக்குப் பாத்து எட்டு மணிக்குக் கூப்பிடுறாங்க தாயி. மொத ஆளு! போன தடவை நாலு மணி வரைக்கும் கூப்பிடாதவங்க இந்தத் தடவை எட்டு மணிக்குக் கூப்பிட்டா நான் என்னத்தக் கண்டேன்? போன தடவை விட்டுப் போச்சுன்னு இந்தத் தடவை மொதல்ல போட்டாங்களாம். அத நேத்தே சொல்றதுக்கென்ன? சொன்னேன்னு அந்த ஜெபா சிஸ்டர் சாதிக்குது. சொல்லியிருக்கலாம். அது சொன்னதுல எது முக்கியம், எது முக்கியமில்லன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?

உள்ள போனதும் மயக்க டாக்டர் கேட்டிருக்காரு, காலையில எதாச்சும் சாப்பிட்டீங்களான்னு. எங்க வீட்டுக்காரரு பொய் சொல்லத் தெரியாத ஆளு. ஊருக்குள்ள தண்ணி வரலேன்னா, நான்தான் தூங்கிட்டேன்னு அவுகளே போயி ஒத்துக்குவாக. "ஒரு டம்ளர் கஞ்சி, எங்க வீட்டுல குடுத்தா"ன்னுட்டாக. அவ்வளவுதான். திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு டம்ளர் கஞ்சிக்கு! சாயங்காலமா எடுக்கக் கூடாதான்னு கேட்டேன். மயக்க டாக்டர் ரெண்டு மணிக்குக் கெளம்பணுமாம். பெரிய மனுசன், அவரு காரு நிக்காது, என் புருசன் விரல் காத்துக்கிட்டு இருக்கும்.

அந்த மூணு நாளைக்குள்ள கருப்பு மேல ஏறிருச்சு. டாக்டரு வந்து கட்டப் பிரிச்சுப் பாத்தாரு. பெறகு சொன்னாரு, "விரலோட போகாதும்மா, பாதத்துல பாதி எடுக்கணும்"னு. அவுக சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாக. சுவத்தப் பாத்தபடியே, "குதிகால் இருந்தா ஏணில ஏறிரலாம்ல கனி?"ன்னாக. ஏறலாம்னேன். வேற என்ன சொல்ல?

ரெண்டாவது வெள்ளிக்கிழம. அன்னைக்கும் காலையில கஞ்சி கொண்டு போனேன். ஆமா, கொண்டு போனேன்தான். ஆனா அர டம்ளர்தான் குடுத்தேன், நல்லாக் கேட்டுக்க. அந்த வேர்வையும் அந்த நடுக்கமும் எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குது. மறுபடி கண்ணு இருட்டுச்சுன்னா யாரு ஓடி வருவா? இவங்களா? அவுக, "வேணாம்டி, திருப்பி அனுப்பிருவாங்க"ன்னாக. நான் சொன்னேன், "கேட்டா குடிக்கலன்னு சொல்லுங்க. உண்மை பேசித்தான் போன தடவை இந்த வினை. அர டம்ளர் யாரு வயித்தக் கிழிச்சுப் பாக்கப் போறா?"ன்னேன். முப்பத்தாறு வருசத்துல அவுக எம்பேச்சத் தட்டுனதில்ல.

பொய் சொன்னாக. மொத மொதலா எனக்காக.

பத்து மணி இருக்கும். முதுகுல ஊசி போட்டிருக்காங்க. ஊசி ஒத்துக்கல. வாந்தி வந்திருக்கு. படுத்த படுக்கையில வந்தது நெஞ்சுக்குள்ள போயிருச்சாம், மூச்சுத் திணறிருச்சாம். வெளிய எனக்கு ஒண்ணும் தெரியல. கதவத் தொறந்து தொறந்து ஓடுறாங்க. "பூவலிங்கத்தோட அட்டெண்டர் யாரு, கூட வந்தவங்க யாரு?"ன்னு ஒருத்தன் கத்துறான். எம் புருசன் பேரு ஆஸ்பத்திரி வராந்தாவுல அப்படிக் கேக்கணும்னு இருந்திருக்கு. போனா, ஒரு காயிதத்த நீட்டிக் கையெழுத்துப் போடுங்கன்னான். எதுக்குன்னு கேட்டேன். "ஐசியூக்கு மாத்துறோம்"னான். ஆபரேசன் ஆச்சான்னு கேட்டேன். "அதெல்லாம் அப்பறம், மொதல்ல ஆளு பொழைக்கட்டும்"னுட்டுப் போயிட்டான்.

ஊசி ஒத்துக்கலன்னு நான் சொல்றேன். அவங்க ஃபைல்ல வேற மாதிரி எழுதி வச்சிருக்காங்க. ஃபைல்ல என்ன வேணாலும் எழுதலாம், பேனா அவங்க கையில.

மூணு நாளு ஐசியூ. கண்ணாடி வழியா ஒரு நாளைக்கு அஞ்சு நிமிசம் காட்டுவாங்க. மூக்குல குழாய், வாயில குழாய். இந்தக் கையால ஒரு வாய் குடுக்க முடியாது. கேட்டுக்கு வெளிய வெறுந்தூக்கோட நிப்பேன். மூணாம் நாளு டாக்டரு வந்து சொன்னாரு. விசம் மேல ஏறிருச்சு, இனி முழங்காலுக்குக் கீழ எடுத்தாத்தான் உயிரு. பட்ட காலுலயே படும்னு சும்மாவா சொன்னாங்க.

அப்ப நான் ஒரு கேள்வி கேட்டேன். "அய்யா, மொத வெள்ளிக்கிழமயே எடுத்திருந்தா?" அவரு என் மூஞ்சியப் பாக்காமச் சொன்னாரு, "ரெண்டு விரலோட போயிருக்கும்மா"ன்னு. கேட்டியா? டாக்டரே சொல்லிட்டாரு. மொத வெள்ளிக்கிழம. அன்னைக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கல. அன்னைக்குக் குத்தம் யாரு மேல?

செவ்வாக்கிழம காலையில மறுபடியும்...

ஏன் அப்படிப் பாக்குற? ஆமா, கொண்டு போனேன். ரெண்டே மடக்கு. மூணு நாளு குழாயிலயே கெடந்து எலும்பும் தோலுமா வெளிய வந்திருக்காக தாயி. காலையே எடுக்கப் போறாங்க. வெறும் வயித்தோட எப்படி அனுப்ப? நீ அனுப்புவியா?

அன்னைக்கு அவுக ஒண்ணும் சொல்லல. வேணாம்னு சொல்லல, திருப்பி அனுப்பிருவாங்கன்னு சொல்லல. டம்ளர வாங்கிக்கிட்டாக. "நீ போயி அந்த நர்ஸ் பிள்ளகிட்ட எத்தன மணிக்குன்னு கேட்டுட்டு வா கனி, நான் குடிக்கிறேன்"னாக. போயிக் கேட்டுட்டு வந்தேன். டம்ளர் காலி. மீசையில கஞ்சி ஒட்டியிருந்துச்சு. வெள்ள மீசை, அதுல பழுப்பா. நானே முந்தானையால தொடச்சு விட்டேன். எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. காலு போனாலும் வயிறு நெறஞ்சிருக்குன்னு நெனச்சேன்.

ஒரு மணிக்குக் கூட்டிப் போனாங்க. மூணு மணிக்கு வந்துட்டாக. எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. போர்வை அந்தப் பக்கம் மட்டும் சப்பையா கெடந்துச்சு.

பாத்தியா, கஞ்சி குடிச்சும் ஒண்ணும் ஆகல, நான் சொல்லல?ன்னு அந்த ஜெபா சிஸ்டர் மொகத்துக்கு நேரா கேக்கணும்னு வாயில வந்துருச்சு. நல்ல வேளை, கேக்கல.

மறுநாள் காலையில வார்டு கூட்டுற ஆயா வந்துச்சு. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு ஒரு தட்டத்த இழுத்துச்சு. வாந்தி எடுக்கிறதுக்கு வச்சிருப்பாங்கல்ல, அந்தத் தட்டு. மேல துண்டு போட்டு மூடியிருந்துச்சு. துண்ட எடுத்துட்டு வார்டே கேக்கக் கத்துது, "யாருய்யா இதுல கஞ்சிய ஊத்தி வச்சது? நாறுது பாரு!" பதினஞ்சு கட்டில்காரங்களும் பாக்குறாங்க. நான் குனிஞ்சு பாத்தேன். எங்கஞ்சிதான். எனக்குத் தெரியாதா என் கஞ்சி.

ரெண்டு மடக்கையும் அப்படியே ஊத்தியிருக்காக. ஊத்திட்டு, விரல விட்டு மீசையில கொஞ்சம் தடவிக்கிட்டிருக்காக. நான் பாக்கணும்னு.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். இந்த ஆஸ்பத்திரிக்காரங்க மேல கூட எனக்கு அப்படி வந்ததில்ல. முப்பத்தாறு வருசம் இந்தக் கையால வாங்கிச் சாப்பிட்ட மனுசன். உப்பில்லன்னாலும் சொல்ல மாட்டாக, கரிஞ்சிருந்தாலும் சொல்ல மாட்டாக. அந்த மனுசன் என் கஞ்சியக் கொண்டு போயி வாந்தித் தட்டுல ஊத்துனா? கேட்டேன். ஆயா போனதும் கேட்டேன். "ஏன் இப்படிச் செஞ்சீக? வேணாம்னா வேணாம்னு சொல்ல வேண்டியதுதான?"

"வேணாம்னா நீ கேக்கவா போற?"ன்னாக. கோவமாச் சொல்லல. சாதாரணமாத்தான் சொன்னாக. பெறகு, "ஒனக்கு வருத்தமாயிரும்லடி"ன்னாக.

நான் எந்திரிச்சுப் போயி டம்ளரக் கழுவுனேன். அது ஏற்கெனவே கழுவுன டம்ளர்தான்.

பெறகு மேனேஜர் வந்தாரு. டை கட்டுன பையன். ஒரு காயிதத்துல அஞ்சு மூஞ்சி வரைஞ்சிருக்கு, ஒண்ணு சிரிக்குது, ஒண்ணு அழுகுது. எங்க சேவை உங்களுக்கு எப்படி இருந்துச்சு, ஒரு மூஞ்சியத் தொடுங்கங்கிறாரு. போர்வையக் காட்டுனேன். "இந்தக் காலுக்கு எந்த மூஞ்சியத் தொடணும், நீங்களே சொல்லுங்க தம்பி"ன்னேன். மூணு தடவை ஏன் தள்ளிப் போட்டீகன்னு பிடிச்சுக்கிட்டேன். உக்காந்து ஃபைலப் பொரட்டிப் படிச்சாரு. "மொத தடவை எங்க தப்புதான்மா. லிஸ்ட் நீண்டு போச்சு. உங்ககிட்ட சொல்லவும் இல்ல, சக்கரையும் பாக்கல. மன்னிச்சுக்கோங்க"ன்னாரு. ஒத்துக்கிட்டாருல்ல! பெறகு, "ரெண்டாவது தடவையும் மூணாவது தடவையும்..."னு ஆரம்பிச்சாரு. போதும் தம்பின்னுட்டேன். மொதத் தப்ப ஒத்துக்கிட்டீகள்ல, அது போதும். மிச்சத்தப் படிக்காதீகன்னேன். அவரு கட்டில்ல கெடந்தவுகளப் பாத்தாரு. அவுக கண்ண மூடிக்கிட்டாக. மேனேஜரும் ஃபைல மூடிட்டாரு.

நான் கேட்ட கேள்விக்குப் பலன் இல்லாமப் போகல. வார்டுல நுழைஞ்சதும் பெருசா ஒரு போர்டு மாட்டியிருக்குல்ல, பாத்தியா? தமிழ்ல. ஒரு டம்ளர் படம் வரைஞ்சு மேல செவப்புக் கோடு அடிச்சு, ஏன் குடுக்கக் கூடாது, குடுத்தா என்ன ஆகும்னு எழுதி. அது நான் சண்ட போட்டதுக்கு அப்புறம் வந்தது. அந்த டம்ளரப் பாத்தா அப்படியே எங்க வீட்டு டம்ளர் மாதிரியே இருக்கும், அதே விளிம்பு. கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம். இருந்தாலும் வச்சாங்க. வர்ற சனமெல்லாம் நின்னு படிக்குது. நான் மட்டும் அந்தப் பக்கம் பாக்காமப் போயிருவேன்.

நீ படிச்சியா? ஆமாவா. படிச்சிட்டுத்தான் காச்சிக் கொண்டு வந்தியா? சரி, விடு.

ஒண்ணே ஒண்ணுதான் தாயி எனக்குப் பொறுக்க மாட்டேங்குது. காலு போனது கூட விதின்னு போயிருவேன். இப்ப அவுக நல்லாச் சாப்பிடலாம். டாக்டரே சொல்லிட்டாரு, நல்லாக் குடுங்கம்மான்னு. நான் தூக்குச்சட்டியத் தொறந்து ஒரு வாய் எடுத்து நீட்டுனேன்னா, அவுக என்னையப் பாக்குறதில்ல. தலையத் திருப்பி அந்த ஜெபா சிஸ்டரத் தேடுறாக. "சிஸ்டர், சாப்பிடலாமா?"ன்னு கேக்குறாக. அது அங்கருந்து தலையாட்டுனாத்தான் வாயத் தொறக்குறாக. ஒவ்வொரு வேளையும். நேத்து ராத்திரி கூட. எங்கை அந்தரத்துல நிக்குது தாயி, இப்படி, சோத்தோட. சின்னப் பிள்ளைக கூட எங்கிட்ட அப்படி நின்னதில்ல.

நான் என்ன விசமா வச்சேன்?

இரு. அந்தா, கேட்டுக்காரன் சாவிய எடுத்துட்டான். ரவுண்ட்ஸ் முடிஞ்சிருச்சு போல. எந்திரி. செருப்பப் போட்டுக்க. பாஸ் கையில இருக்கா?

அந்த பிளாஸ்க்க இங்க குடு.

குடுன்னா குடு. இழுக்காத, மூடி கழண்டுக்கிரும். நான் ஒண்ணும் கீழ ஊத்தப் போறதில்ல. பாலக் கீழ ஊத்துனா பாவம்.

ம். நல்ல சூடு. ஏலக்கா தட்டிப் போட்டிருக்கியா? நல்ல கை ஒனக்கு. காலையிலருந்து நானும் ஒண்ணும் சாப்பிடல. பத்து நாளா எனக்கே எங்கஞ்சி எறங்க மாட்டேங்குது. இது எறங்குது. அழாத. நான் குடிச்சாத்தான் நீ கொண்டு போக மாட்ட. எனக்கு ஒன்னையத் தெரியும். ஒளிச்சுக் கொண்டு போயி, ரெண்டு மடக்குதானன்னு சொல்லுவ.

இந்தா, காலி பிளாஸ்க். நேரா மேல போ. ஜெபா சிஸ்டரப் பிடி. எங்க அப்பாவ எத்தன மணிக்குக் கூப்பிடுவீங்க, லிஸ்ட்ல எத்தனாவது ஆளு, அதுவரைக்கும் குளுக்கோஸ் ஏத்துவீங்களா, அப்பப்ப சக்கரை பாப்பீங்களா, எல்லாத்தையும் கேளு. நல்ல பிள்ள அது, பதில் சொல்லும். சொல்லலன்னா சண்ட போடு. நல்லாக் கத்து, மேனேஜர் வர்ற வரைக்கும் கத்து, நான் வந்து கூட நிக்கேன். ஆனா வாயில மட்டும் எதுவும் குடுத்துராத.

அப்பா பால் எங்கன்னு கேப்பாரு. பசியில கேக்கத்தான் செய்வாரு. கேட்டா, கீழ ஒரு பொம்பள பிடுங்கிக் குடிச்சிட்டாப்பான்னு சொல்லு. திட்டுவாரு. திட்டட்டும். யாரு என்னன்னு கேட்டா எம் பேரச் சொல்லு, முப்பத்தோராம் கட்டில், சண்முகக்கனின்னு சொல்லு. பழிய எம் மேலயே போட்டுரு தாயி.